கூமுட்டைத் தட்டு

கீச். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் கீச். முட்டை ஓட்டை உடைப்பதற்கு முன்பே குஞ்சு உள்ளே இருந்துகொண்டு கூப்பிடுமே, அந்தச் சத்தம்தான். எந்தத் தட்டு, எந்த வரிசை என்று செங்கோடனின் காது தானாகவே தேடப் போயிற்று. பாதி தூரம் தேடிய பிறகுதான் கண்மேல் போட்டிருந்த ஈரத்துண்டின் குளிர்ச்சி உறைத்தது. இது ஹேச்சரி இல்லை, வீடு. ராத்திரி முழுக்கக் குஞ்சு பொரிக்கிற மெஷின்களோடு நின்றுவிட்டு, ஏழு மணிக்கு வந்து, ரெண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்த வீடு. கத்தியது தொட்டில் கொக்கி. எண்ணெய் விட வேண்டும், பதினைந்து நாளாக விட வேண்டும். சேலைத் தொட்டிலில் பேத்தி தூங்குகிறாள். தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் வலது கால் கட்டைவிரலில் இருக்கிறது. படுத்தபடியே காலை மடக்கி நீட்டினால் போதும், தொட்டில் ஆடும். ராத்திரி வேலைக்காரன் பகலில் பிள்ளை பார்ப்பதற்காக அவராகவே கண்டுபிடித்த வித்தை இது. பத்து மாதமாகக் கட்டைவிரலில் ஒரு வளையம் போலத் தழும்பே விழுந்துவிட்டது. தூக்கத்தில்கூடக் கால் ஆட்டிக்கொண்டிருக்கும் என்று மனைவி தவமணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. பின்பக்கம் குளியலறையில் மகள் யமுனா ஓங்கரித்தாள். ஒன்றும் வராத, வெறும் ஓங்கரிப்பு. தவமணி முதுகைத் தடவுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. கேட்டிருக்காது, நினைப்புதான். பத்தரைக்கு ஆட்டோ. இப்போது மணி என்ன இருக்கும்? துண்டை எடுத்தால் தெரியும். எடுத்தால் முழித்திருப்பது தெரிந்துவிடும். முழித்திருக்கிறவன் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லத்தான் மூன்று நாளாக வார்த்தை தேடுகிறார். யமுனாவுக்கு ஏழு வாரம். ஸ்கேன் சீட்டில் போட்டிருக்கிறது, அந்தச் சீட்டு டிவி மேசையில் மின்சார ரசீதுகளுக்கு நடுவில் கிடந்தபோது அவர் பார்த்தார், பார்த்ததை யாரும் பார்க்கவில்லை. கைக்குழந்தைக்குப் பத்து மாதம். வயிற்றில் போட்ட தையல் இன்னும் மழை மூட்டம் என்றால் இழுக்கிறது என்கிறாள். மூன்று வருஷம் விழுந்து விழுந்து படித்து சர்வேயர் பரீட்சையில் பாஸாகி, அடுத்த மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும், ஆறு மாதம், வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து நிலம் அளக்கிற பயிற்சி. மாப்பிள்ளை பூபதி ஓசூர் கம்பெனியில் இருக்கிறான், மாதம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வருவான், வந்தால் பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடிவிட்டுத் திங்கட்கிழமை போய்விடுவான். "முடியலம்மா," என்று அவள் அடுப்படியில் சொன்னாள், முந்தாநாள், மெதுவாக, இவர் தூங்குவதாக நினைத்துக்கொண்டு. "என்னோட உடம்பு எனக்கே இன்னும் திரும்பி வரல. அதுக்குள்ள இன்னொருத்தருக்கு எப்படிக் குடுக்கறது?" அதைக் கேட்டபோதும் இப்படித்தான் துண்டு போட்டுக் கிடந்தார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார். கத்தியிருப்பார். பொய்யைத் தேடினார். இல்லை. எல்லாமே நிஜம், நியாயம். நியாயமாகப் பேசுகிற பிள்ளைக்கு எதிரே வாயைத் திறப்பது மாதிரி எரிச்சல் பிடித்த காரியம் உலகத்தில் வேறு இருக்குமா? அவள் பக்கம் அத்தனை காரணம் வரிசையாக நிற்கிறது. அவர் பக்கம் ஒன்றே ஒன்று. அது அங்கே இருக்கிறது. அவ்வளவுதான். இருக்கிறது என்பது ஒரு காரணமா? அதைச் சொல்லிப் பார்த்தால் காரணம் மாதிரியே இல்லை. காலை ஒரு முறை நீட்டி மடக்கினார். கீச்.

அந்த வார்த்தையாவது வேறாக இருந்திருக்கலாம். கலைச்சிட்டு வந்தர்றேன் என்கிறார்கள், கடைக்குப் போய் வருகிற மாதிரி. கோலத்தைக் கலைக்கலாம், மறுநாள் போட்டுக்கொள்ளலாம். சீட்டுக்கட்டைக் கலைக்கலாம், கலைத்தால்தான் ஆட்டமே. கூட்டத்தைக் கலைக்கலாம், கலைந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள். தூக்கம் கலைகிறது, தினமும் நாலு தடவை அவருக்குக் கலைகிறது, கேஸ் சிலிண்டர்காரன் கலைப்பான், மீன்காரன் கலைப்பான், பேத்தி தன்விகா கலைப்பாள். தன்விகா! என்ன பெயரோ, பல்லில் சிக்குகிறது, அவர் தன்னு என்றுதான் கூப்பிடுவார். கலைந்த தூக்கம் எங்கே போகும்? மத்தியானம் திரும்பி வரும். இது மட்டும் எங்கே போய்ச் சேரும்? இதுக்கு ஏன் அந்த வார்த்தையை வைத்தார்கள்? வைத்தவனைப் பிடித்துக் கேட்க வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வார்த்தையைப் பற்றி யோசிக்கிறான் என்றால் பூபதி சிரிப்பான். அவன் எதற்கும் சிரிப்பான், கெட்டவன் இல்லை. முந்தாநாள் சாயங்காலம் போனில் செங்கோடன் ரொம்பத் தயங்கி, "ஒரு உயிருங்க மாப்ள" என்று ஆரம்பித்தார். அதற்கு அவன், "மாமா, தெனமும் சேவக்குஞ்சு அத்தனையும் கொட்டறது உங்க ஹேச்சரிலதானுங்க? நீங்களே உயிருன்னு பேசுனா எப்பிடிங்க?" என்று சிரித்தான். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் குத்தியது அப்படியே நிற்கிறது. முட்டைக்கோழி வளர்க்கிறவனுக்குச் சேவல் எதற்கு? பொரிந்த அன்றைக்கே பிரித்துவிடுவார்கள், பெட்டை இந்தப் பக்கம், சேவல் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் போவது திரும்பாது. பிரிக்கிறது இவர் வேலை இல்லை, இவர் வேலை முட்டையோடு சரி. அது வேறு செக்‌ஷன். அது வேறு செக்‌ஷன் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு சோறு தின்கிறார். கோழி வேறு, மனுஷன் வேறு என்று பூபதிக்குப் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றியது ராத்திரி ரெண்டு மணிக்கு, கையில் முட்டைத் தட்டோடு. யாருக்குச் சொல்ல?

எள்ளு வாசம். வருகிறதா, நினைப்பா? தவமணி இட்லிப் பொடிக்கு எள்ளு வறுக்கிறாளா? மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற காலையில் யார் எள்ளு வறுப்பார்கள்? நினைப்புதான். இந்த நினைப்பு அவரை விடாது. பன்னிரண்டு வயசில், சித்தி மகனுக்குக் காது குத்துகிற விருந்தில், பந்தியில் எள்ளுருண்டை வைத்தார்கள். இவர் ரெண்டாவது உருண்டைக்குக் கை நீட்டியபோது சித்தி எல்லார் முன்னாலும் சிரித்தாள். "இன்னுமாடா உனக்கு எள்ளு ஆசை? உங்கம்மா உன்னையக் கலைக்கறதுக்கு எத்தன எள்ளும் கருப்பட்டியும் இடிச்சுத் தின்னா தெரியுமா? பப்பாளி வேற. எதுக்கும் அசையலயே, ஒட்டிட்டல்ல வந்த!" பந்தியே சிரித்தது. இவரும் சிரித்தார், சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்து. அம்மா சிரிக்கவில்லை. சாம்பார் வாளியோடு அப்படியே நின்றாள், சாம்பார் அவள் கால்விரலில் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் சாகிறவரை அவர் தட்டில் ஒரு கரண்டி கூடத்தான் விழுந்தது. மற்றப் பிள்ளைகள் நாலு பேரும் அதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் கரண்டிக்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், ரெண்டு பேரும் ஒரு நாளும் பேசவில்லை. கோபம் உண்டா? இல்லை. நாலு பிள்ளையோடு, வேலைக்குப் போகாத புருஷனோடு, அவள் என்ன செய்வாள். அவள் பக்கமும் எல்லாம் நியாயம்தான். நியாயம் ஜெயித்திருந்தால் இந்தக் கால் இல்லை, இந்தக் கயிறு இல்லை, யமுனா இல்லை. இதைத்தான் யாரிடமும் சொல்ல முடிகிறதில்லை. சொன்னால் சுயநலம் மாதிரிக் கேட்கிறது. சாமி சொல்லிற்று என்று அவர் இதைப் பிடித்துக்கொள்ளவில்லை, கட்சி சொல்லிற்று என்றும் இல்லை. எள்ளும் கருப்பட்டியும் வந்து இறங்கிய அந்த இடத்தில் இருந்தது யாரோ இல்லை, நான். வேறு யார்? எனக்கு முன்னால் அங்கே வேறு ஒருத்தன் இருந்துவிட்டு எழுந்து போனானா?

"ஸ்கேன் சீட்டு எங்கம்மா வெச்ச?" என்றது யமுனாவின் குரல், ஓங்கரித்துக் கரகரத்துப்போய். "பச்சைப் பைலதான் வெச்சேன் சாமி. தண்ணி பாட்டலு எடுத்துக்க. மத்தியானத்துக்கு மேல ஆவுமோ என்னமோ." தவமணி சாமி என்று கூப்பிடுவது மகளுக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும். பிறகு அவள் காலடி இவர் பக்கம் வந்தது, கட்டிலருகே நின்றது. "ஏனுங்க, தூங்கறீங்களா, தூங்கறாப்பல கெடக்கறீங்களா?" காலை மட்டும் ஆட்டினார். தூங்கும்போதும் ஆடுகிற கால்தானே. "சரி. கெடங்க," என்றாள், போய்விட்டாள். காலையில் இட்லி வைக்கும்போதே சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு வாயத் தொறக்காதீங்க. நீங்க தொறந்தா நானும் தொறப்பேன்." அவள் எதைத் திறப்பாள் என்று ரெண்டு பேருக்கும் தெரியும். யமுனாவுக்கு ரெண்டு வயசாகும்போது இன்னொன்று வயிற்றில் வந்தது. செங்கோடனுக்கு அப்போது இருபத்தேழு, லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. பையன் வேண்டும் என்று இருந்தது, ரொம்பவே இருந்தது. ஸ்கேன் பார்க்கிற இடத்தில் ஒரு நர்ஸ் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, "இதுவும் உங்க பாப்பா மாதிரியே இருக்குமுங்க" என்று இவர் தோளில் இருந்த யமுனாவின் கன்னத்தைக் கிள்ளினாள், அவ்வளவுதான். தவமணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர்தான் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். எள்ளுக்கும் பப்பாளிக்கும் தப்பி வந்தவன், தானே கூட்டிப்போனான். அவள் உள்ளே போனாள், அவர் எதிரே டீக்கடையில் ரெண்டு டீ குடித்தார், ரெண்டாவது டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது, அது எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்? வெளியே வந்தவள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, "மெதுவாப் போங்க, குழில உடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அப்போது உறைக்கவில்லை. ஐந்து வருஷம் உறைக்கவில்லை. என்ன தோலோ.

உறைத்தது ஹேச்சரியில் சேர்ந்த முதல் வாரம். ஏழாம் நாள் முட்டையை இருட்டு அறையில் விளக்குமேல் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உயிர் இருந்தால் ஒரு பக்கம், கூமுட்டை என்றால் இன்னொரு தட்டு. முதல் முட்டையை விளக்கில் வைத்தார், வெளுப்பாக, ஒன்றுமில்லாமல், ஒரு சின்ன நிலா மாதிரி இருந்தது. கூமுட்டை. ரெண்டாவதை வைத்தார். சிவப்பு நரம்பு, சிலந்தி கால் பரப்பின மாதிரி. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி துள்ளியது. ஒன்றுமில்லை, ஒரு துள்ளல்தான். முட்டையை விளக்குமேலேயே விட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "என்னண்ணா, கரண்ட் அடிச்சிருச்சா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். டீயின் இஞ்சி அன்றைக்குத்தான் தொண்டையில் இறங்கியது. அதற்குப் பிறகு எங்கெங்கோ கிடைத்ததை எல்லாம் படித்தார், கடைசியில் யமுனாவின் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தையும் விடவில்லை. கோழிக்கு ரெண்டு நாள் முடிவதற்குள்ளேயே துடிக்கிறது, மனுஷனுக்கு நாலாவது வாரத்தில். நாலு. இவளுக்கு ஏழு. "அப்பாதான் மார்க்கு எடுப்பாரு போல" என்று அப்போது யமுனா கேலி செய்தாள். அவள் எட்டு வயசில் கேட்டதும் ஞாபகம் வருகிறது, வீட்டில் வளர்ந்த ஒரு சேவலைப் பற்றி. ஒரு நாள் கண் அசந்து ஒரு நல்ல முட்டையைக் கூமுட்டைத் தட்டில் வைத்துவிட்டார். தட்டு பின்பக்கக் குப்பைக்குப் போயிற்று. பங்குனி வெயில், நாமக்கல் வெயில், மெஷினைவிட நன்றாகவே காய்ந்தது போல. ரெண்டு வாரம் கழித்துக் காலையில் வேலை முடிந்து அந்தப் பக்கம் ஒதுங்கினால் குப்பைக்குள்ளிருந்து கீச். நாறிப்போன அத்தனை ஓட்டுக்கும் நடுவில் ஒன்று விரிந்து, ஈரமாக, தலை தூக்க முடியாமல். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "இதுக்கு என்ன பேருப்பா?" "கூமுட்டைன்னு தூக்கிப் போட்டது கண்ணு." அதையே பெயராக வைத்துவிட்டாள். கூமுட்டை, கூமுட்டை, இங்க வாடா என்று தெரு முழுக்கக் கத்துவாள், வாத்தியார் யாராவது போனால் தன்னைத் திட்டுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார். வளர்ந்தபோது தெரிந்தது, சேவல். ரெண்டு தடவை சாக வேண்டியது. நாலு வருஷம் இருந்தது, இவர் பகல் தூக்கத்தை நாலு வருஷமும் கெடுத்தது. அன்றைக்கு வைத்த கை தப்பு. அதைத் தப்பு என்று சொல்ல அது கத்த வேண்டியிருந்தது. கத்தாத எத்தனை முட்டையோ. தட்டில் வைத்தது இவர் கை, சைக்கிளில் கூட்டிப்போனதும் இவர் கால் மிதித்துத்தான். அப்படிப்பட்டவன் பேசலாமா, கூடாதா? அப்படிப்பட்டவன்தானே பேச வேண்டும்? இந்த இடத்தில் வந்து யோசனை நின்றுவிடுகிறது, மூன்று நாளாக இதே இடத்தில், முள்ளில் மாட்டின துணி மாதிரி. இழுத்தால் கிழியும்.

ஆட்டோ ஹாரன். அதற்குள்ளா? துண்டை எடுத்துவிட்டார். வெளிச்சம் கண்ணில் மிளகாய் போல் பட்டது. யமுனா தொட்டிலுக்குக் குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கு சிவந்து, தலைகூட ஒழுங்காக வாரவில்லை, கையில் பச்சைப் பை. "பால் பாட்டலு சுடுதண்ணில இருக்குதுப்பா. பதினோரு மணிக்குக் குடுத்துருங்க," என்றாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். வேறு வந்துவிட்டது. "கண்ணு, உனக்கு அடுத்து ஒண்ணு இருந்துது. பொம்பளப் புள்ள. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்." தவமணி வாசற்படியில் ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியே, அப்படியே நின்றாள். யமுனா நிமிரவில்லை. "தெரியும்பா," என்றாள். "தன்னு பொறந்தப்பவே அம்மா சொல்லிருச்சு. நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்களாமா. உள்ள அம்மா ஒத்தையில இருந்துதாமா. அதனாலதான் இன்னைக்கு எங்கூட அம்மா வருது." செங்கோடன் எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாளாகச் சேர்த்துவைத்த ஒரே வார்த்தை, போட்டுடைத்தால் எல்லாம் மாறிவிடும் என்று பயந்துகொண்டே வைத்திருந்த வார்த்தை, அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, பச்சைப் பையோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இனி என்ன இருக்கிறது சொல்ல? குனிந்து தன் காலைப் பார்த்தார். "பகல்ல நான் சும்மாதான கண்ணு படுத்திருக்கேன்," என்றார். "ஒரு கால்லதான் கயிறு இருக்குது. இன்னொரு கால் சும்மாதான் கெடக்குது." சொன்ன பிறகு அது பைத்தியக்காரப் பேச்சு மாதிரி இருந்தது. யமுனா அவர் காலைப் பார்த்தாள், வலது, இடது. உதடு சிரிக்கப் போவது மாதிரி ஒரு பக்கம் போயிற்று, போய் நின்றுவிட்டது. "அப்ப நீங்க எப்பப்பா தூங்குவீங்க?" "தூக்கம் கெடக்குது." "உங்களுக்குக் கால் இருக்குதுப்பா," என்றாள், ரொம்பப் பொறுமையாக, தன் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. "எனக்கு உடம்பு வேணுமே. அத நீங்க எங்கிருந்து குடுப்பீங்க?" ஆட்டோக்காரன் இன்னொரு முறை அடித்தான். "வா சாமி," என்றாள் தவமணி. போகும்போது அவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. சைக்கிள் கேரியரில் ஏறும்போது பார்த்தாளே, அதே பார்வை.

ஆட்டோ கிளம்பியது, தெருமுனையில் வேகத்தடையில் ஏறி இறங்கியது, அங்கே கொஞ்சம் நின்றது போலக் கேட்டது. நின்றதா? யாராவது குறுக்கே வந்திருப்பார்கள். இல்லை, நின்றுதான் இருந்தது, திரும்பப் போகிறது, எழுந்து போய்ப் பார்க்கலாம், காலில் கயிறு. மறுபடி சத்தம் எடுத்தது, பெரிய ரோட்டுப் பக்கம் போயிற்று, லாரிகளின் சத்தத்துக்குள் போய் எது ஆட்டோ என்று தெரியாமல் ஆயிற்று. அவருக்குத் தொண்டையில் ஒரு கத்தல் இருந்தது, கத்தினால் பிள்ளை எழுந்துவிடும். அது இருக்குது கண்ணு, உன்னைய மாதிரி, என்னைய மாதிரி, கத்தத் தெரியல அதுக்கு, அவ்வளவுதான் என்று இப்போது வார்த்தை வருகிறது, வரிசையாக, அழகாக, வெறும் வாசலைப் பார்த்து. அவளுக்கு ஒரு நாளும் அவர் மேல் கோபம் வரக் கூடாது, அவருக்கும் அவள் மேல் வராது, வந்தவுடன் சுடுதண்ணி வைத்துக்கொடுக்க வேண்டும், குழியில் விடாமல் மெதுவாகக் கூட்டிவரச் சொல்லி ஆட்டோக்காரனுக்குப் போன் போட வேண்டும். தப்பு தப்புதான். அதையும் சேர்த்துத்தான் சுடுதண்ணி. தொட்டிலுக்குள் தன்னு நெளிந்தாள், சிணுங்கல் ஒன்று கிளம்பியது. செங்கோடன் படுத்தார், துண்டை எடுத்துக் கண்மேல் போட்டார், சூடேறிக் காய்ந்துபோயிருந்தது, இருக்கட்டும். வலது காலை மடக்கினார், நீட்டினார். கீச். பதினோரு மணிக்குப் பால். இடது கால் கட்டில்மேல் சும்மா கிடந்தது. கீச்.